மலேசியா சுங்கை சிப்புட்ல தோட்டத்து ஆளுங்க உதவி வேணும்
வணக்கம் அக்கா, அண்ணே. நான் காலேஜ் சைக்காலஜி லேப்ல உதவியாளரா இருக்கேன், ஒரு லெக்சரர், ரெண்டு மாஸ்டர்ஸ் அக்கா, நான், அவ்ளோதான் எங்க ஆளுங்க. பிஎச்கியூ-9ன்னு 2001ல இங்கிலீஷ்ல வந்த கேள்வித்தாள், கடைசி 2 வாரம் மனசு எப்படி இருந்துச்சுன்னு 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் எத்தன நாள் அப்படி இருந்துச்சுன்னு 0லேர்ந்து 3 மார்க். அத நம்ம தோட்டத்துத் தமிழ்ல எழுதுறோம். முதல்ல 'மனச்சோர்வு'ன்னு போட்டோம், கித்தா (ரப்பர்) மரம் வெட்டுன எங்க பாட்டிக்கே புரியல, "மனசு பாரமா இருக்குன்னு கேளு ஆயி"ன்னாங்க, அதான் சரியான வார்த்தைன்னு எனக்குத் தோணுது. 'பாதி நாளுக்கு மேல'ங்கற பதிலும் பெரியவங்கள ரொம்ப குழப்புது.

இப்ப ரெண்டு உதவி வேணும். இங்கிலீஷ் மூலத்தப் பாக்காதவங்க ரெண்டு பேரு எங்க தமிழ மறுபடி இங்கிலீஷ்ல எழுதித் தரணும், அப்பதான் அர்த்தம் எங்க மாறிப்போச்சுன்னு தெரியும். அப்புறம் லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) வளந்த 50 வயசுக்கு மேல உள்ளவங்க, வாசிச்சுக் காட்டுனா புரியுதான்னு சொன்னாப் போதும். பேரு எழுத மாட்டோம், பாதியில வேணாம்னாலும் எழுந்து போலாம். கடைசி கேள்வி உயிர விடணும்னு தோணுதான்னு கேக்கும், அதனால கவுன்சலர் ஒருத்தங்க கூடவே இருப்பாங்க. உங்க அம்மா, மாமா யாராச்சும் வருவாங்களா? கீழ சொல்லுங்க, நானே வீட்டுக்கு வரேன்.