எவ்வளவு என்பதைவிட எப்போது: வடசென்னைப் பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் வரவு செலவு அனுபவங்கள்

காசிமேடு, அரசு உதவி பெறும் பள்ளி, கழகப் பொருளாளர்:

எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்திற்கான ஆண்டு நன்கொடையை ஜூன் மாதத்தில் வாங்குவது, யாரும் கேள்வி கேட்காத வழக்கமாக இருந்து வந்தது. பள்ளி திறக்கும் வாரத்தில் பெற்றோர் எப்படியும் வருவார்கள், அப்போதே ரசீது போட்டுவிடலாம் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது பழைய ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை வாங்கித் தேதிவாரியாகப் புரட்டிப் பார்த்தேன். மீன்பிடித் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களின் பெயர்கள் ஜூன் மாதத்தில் அனேகமாக இல்லை. ஆனால் அவற்றில் பல, யாரும் நினைவூட்டாமலேயே, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பணம் செலுத்தியிருந்தன. "இந்தப் பக்கத்து ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள்" என்று நிர்வாகக் குழுவில் அவ்வப்போது எழும் பேச்சுக்கு அந்த அடிக்கட்டைகளைவிட வேறு பதில் தேவைப்படவில்லை.

காரணம் இங்கு வசிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கிறது. பள்ளி திறக்கும்போது படகுத் தொழிலாளியின் வீட்டில் இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் போயிருக்கும். கூடையில் மீன் விற்கும் பெண்களும், ஐஸ் உடைப்பவர்களும், வலை பின்னுபவர்களும் அதே நிலையில்தான் இருப்பார்கள். தடை முடிந்து படகு கடலுக்குப் போனாலும், முதலில் கிடைக்கும் பணம் டீசலுக்கும், படகைப் பழுது பார்க்க வாங்கிய கடனுக்கும், அடகு வைத்த நகைக்கும் போய்விடும். ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழ் வார்த்தலுக்கு வசூல் வந்துவிடும். தீபாவளிக்கும் மழைக்கும் முந்திய ஆவணி மாதம்தான் கையில் கொஞ்சம் பணம் புழங்கும் காலம். ஆகவே நன்கொடைக் காலத்தை ஆவணிக்கு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன்.

அதை எதிர்த்தவர்களுக்கு நியாயமான ஒரு கேள்வி இருந்தது: ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை செலவுக்கு என்ன செய்வது? துப்புரவுப் பணியாளருக்கும் இரவுக் காவலருக்கும் ஆவணி வரை காத்திருங்கள் என்று சொல்ல முடியாது. அதனால் வரவு செலவுத் திட்டத்தையே ஜூனில் தொடங்காமல் செப்டம்பர் முதல் ஆகஸ்டு வரை என்று அமைத்தோம். ஆவணியில் வாங்கும் பணம் அடுத்த ஆடி வரை தாங்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூன்று மாதங்களுக்கான ஊதியத்தை வங்கியில் தனியாக ஒதுக்கிவிட்ட பிறகுதான் ஆண்டு விழாவைப் பற்றியே பேசலாம் என்று விதி வைத்தோம். மாறும்போது இடையில் விழுந்த அந்த மூன்று மாதங்களை முதல் ஆண்டில் கடக்க ஆண்டு விழாவை ஒரு மாலை நேர நிகழ்ச்சியாகச் சுருக்கினோம். மேடை அலங்காரமும் வாடகை ஒலிபெருக்கியும் இல்லாத அந்த விழாவைப் பற்றி இன்றும் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. ஆனால் காவலரின் சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

இன்னொரு காரணத்தையும் தீர்மானத்தில் எழுதினேன். குழந்தையைச் சேர்க்கும்போது, அறிவிக்கப்பட்ட கட்டணத்திற்கு மேல் எந்தப் பெயரில் பணம் வாங்கினாலும் அது கட்டாய நன்கொடை என்பதே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் நிலை. வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. சேர்க்கை நடக்கும் அதே மேசையில், அதே வாரத்தில், கழக ரசீதும் கிழிக்கப்பட்டால், "விருப்பமிருந்தால் கொடுங்கள்" என்று வாயால் சொல்வதற்கு என்ன மதிப்பு? மேசையைப் பிரிப்பதைவிட மாதத்தைப் பிரிப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

செலவுப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரப் பள்ளிக்கென்று சில செலவுகள் உண்டு; வேறு ஊரில் இருந்து மாதிரித் திட்டத்தை வாங்கி நிரப்பினால் அவை விடுபட்டுப் போகும். உப்புக் காற்றில் சன்னல் கம்பியும், குழாயும், மின்விசிறியின் மூடியும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வை, விற்றவர் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கிறது. இவற்றைப் "பராமரிப்பு" என்ற ஒரே தலைப்பில் அடக்காமல் ஒவ்வொன்றையும் விலையோடு தனி வரியாக எழுதினோம். அதில் எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது: மொத்தமாகப் பணம் கேட்டபோது தயங்கிய பெற்றோர், "இந்த வருடத்துச் சவ்வு மாற்றும் செலவை எங்கள் படகுக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஒரு வரியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

இது புதிய யோசனையும் அன்று. 1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரின் பள்ளிக்கு இன்னின்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டு, அதிலிருந்து ஆளுக்கொன்றை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள். எனவே காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று, கல்வி வளர்ச்சி நாள் விழாவில், பட்டியலை மட்டும் வாசிக்கிறோம், பணம் கேட்பதில்லை. பெற்றோருக்கு யோசிக்க ஒரு மாதம் கிடைக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை, மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்:

பொருளாளர் ஐயா எழுதியதை எங்கள் பகுதிக்குப் பொருத்திப் பார்த்தேன். ஆவணி எங்களுக்கு ஒத்துவராது. எங்கள் பெற்றோரில் பலர் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளிலும் அவற்றை ஒட்டிய தையலகங்களிலும் வேலை செய்பவர்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இரவு வெகுநேரம் கழித்தே வீடு திரும்புவார்கள். அப்போது கூட்டம் போட்டால் தலைமையாசிரியரும் நாங்களும்தான் உட்கார்ந்திருப்போம். பொங்கல் வியாபாரமும் முடிந்து, தை மாதம் பாதி கடந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

அரசுப் பள்ளி என்பதால் எங்கள் கணக்கின் அமைப்பும் வேறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 251 முதல் 1,000 வரை மாணவர்கள் இருந்தால் ஆண்டுக்கு 75,000 ரூபாய், அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. 7,500 ரூபாயில் ஓராண்டுக்குக் கழிவறை சுத்தம் என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது என்பதை எல்லாரும் அறிவோம். மானியம் எந்த மாதத்தில் கைக்கு வரும் என்பதையும் பள்ளி தீர்மானிக்க முடியாது. ஆகவே நாங்கள் மானியத்தைச் சுண்ணாம்பு, மின்கம்பி, சாக்பீஸ் போன்ற, ஒரு மாதம் தள்ளினாலும் பாதகமில்லாத செலவுகளுக்கு எழுதிவிட்டு, நாள் தவறக்கூடாத செலவை உள்ளூர் நன்கொடையில் வைக்கிறோம். முன்பு இது தலைகீழாக இருந்தது.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடை திரட்டக் குலுக்கல் சீட்டு நடத்தலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. பள்ளி நல்ல காரியத்துக்காகச் செய்கிறது என்று சொல்லி அந்த வில்லங்கத்துக்குள் போக வேண்டாம்.

வியாசர்பாடி, முன்னாள் மாணவர், கழக உறுப்பினர்:

எங்கள் பள்ளியில் உணவுத் திருவிழா நடத்தினோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இங்கு நிறைய இருப்பதால் அத்தோவும் மொய்ங்காவும் சொல்லவே வேண்டாம். மாலை ஆறு மணிக்குள் பாத்திரம் காலியாகிவிட்டது. அன்றிரவு உண்டியலை எண்ணியபோது எல்லாருக்கும் பெருமகிழ்ச்சி. மறுநாள் எண்ணெய், நூடுல்ஸ், வாழைத்தண்டு, எரிவாயு உருளை, தட்டு, பந்தல் ஆகியவற்றின் பில்களை வரிசையாக வைத்துக் கழித்த பிறகு, மிச்சம் கால்பந்து அணிக்குக் காலணி வாங்கப் போதவில்லை. விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவரை பள்ளிப் பக்கமே வராத தந்தைமார்கள் அன்று வந்து அடுப்பு மூட்டினார்கள். ஆனால் வரவு செலவுத் திட்டத்தில் உணவுத் திருவிழாவை ஒரு பெரிய வரவாக எழுதிவிட்டு அதை நம்பி ஆளுக்குச் சம்பளம் பேசுவது, பந்தியில் இலை போடுவதற்கு முன்பே மொய்ப் பணத்தைச் செலவழிப்பது போன்றது.

காலணிகளை வாங்கித் தந்தவர்கள் எங்களோடு படித்தவர்களே. அதில் ஒரு சிக்கல் வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரில் இருப்பவரோ அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார். அவர் நம் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவர் வெளிநாட்டவர்; அந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத கழகம் அவரிடம் பணம் பெற முடியாது. அவரிடம் இதை விளக்கியபோது முதலில் மனத்தாங்கல் ஏற்பட்டது. பிறகு விடுமுறையில் வந்தவர், இரண்டு வாரம் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்.

எண்ணூர், அரசுப் பள்ளி, மாணவியின் தாயார்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எங்கள் பகுதியில் எண்ணெய்க் கழிவும் கலந்து வந்ததை எல்லாரும் அறிவீர்கள். படகிலும் வலையிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டதால் மீனவக் குடும்பங்களுக்கு அது அறிவிக்கப்படாத இன்னொரு தடைக்காலமாக ஆயிற்று. அந்தச் சமயத்தில் நன்கொடை என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் திட்டத்தில் "மழைக்கால ஒதுக்கீடு" என்று ஒரு வரியை எழுதி, அக்டோபருக்கு முன்பே அதை நிரப்பிவிட வேண்டும், ஜனவரி வரை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று தீர்மானித்தோம். பொங்கலுக்குப் பிறகு மிஞ்சினால் அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மாலை வகுப்புச் சுண்டலுக்குப் போகும்.

அருகிலுள்ள ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியையும் கேட்டுப் பார்த்தோம். பணத்தைப் பெற்றுச் செலவிடும் அமைப்பு மத்திய அரசில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றார்கள்; எங்கள் குழுவுக்கு அது ஏது? 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாகப் போகலாம் என்று தலைமையாசிரியர் அம்மா வழிகாட்டினார். அரசுப் பள்ளிகள் தங்கள் தேவையை அதில் பதிவு செய்யலாம். கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, எனவே அவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் திட்டம் தீட்டும்போதே நம் கடிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். பொருளாளர் ஐயா படகுக்காரர்களைப் பற்றிச் சொன்னது கம்பெனிக்காரர்களுக்கும் பொருந்துகிறது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் குழுவில் சிலர், கொடுக்காதவர்களின் பெயரைப் பலகையில் எழுதினால் வசூல் கூடும் என்கிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

காசிமேடு, கழகப் பொருளாளர்:

சகோதரி, அதைச் செய்ய விடாதீர்கள். அந்தப் பலகையைப் படிப்பது பெற்றோர் அல்லர், வகுப்பிலுள்ள பிள்ளைகள். நாங்கள் கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும்கூட எழுதுவதில்லை. மாதந்தோறும் முதல் வாரத்தில், வந்த மொத்தம், செலவான மொத்தம், எதற்குச் செலவானது, வங்கியில் மீதி எவ்வளவு என்பதை மட்டும் நுழைவாயிலில் ஒட்டுகிறோம். அரையாண்டுக்கு ஒருமுறை, குழுவில் இல்லாத இரண்டு பெற்றோர் பில்களோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். அதில் ஒருவர் மீன் ஏலக் கணக்கு எழுதுபவர். அவருடைய கண்ணுக்குத் தப்பி ஒரு ரூபாய் போகாது.

பணம் பெறும் முறையில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கைப்பேசிச் செயலியில் செலுத்துபவர்களுக்கான கியூ.ஆர். அட்டை கழகத்தின் வங்கிக் கணக்கோடு இணைந்ததாகவே இருக்க வேண்டும். "இப்போதைக்கு என் எண்ணுக்கு அனுப்புங்கள், நான் போட்டுவிடுகிறேன்" என்று செயலாளரோ ஆசிரியரோ எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் ஏற்பதில்லை. ரொக்கம் கொடுப்பவர்களுக்கு எண்ணிட்ட ரசீது, அடிக்கட்டையில் தேதி.

வண்ணாரப்பேட்டை உறுப்பினர் சொன்ன தை மாதக் கணக்கை எங்கள் குழுவில் பேச விரும்புகிறேன். எங்கள் பள்ளியிலும் துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று கடலோடு தொடர்பில்லாத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ஆவணியா தையா எது வசதி என்று அடிக்கட்டைகளை மறுபடியும் பிரித்துப் பார்க்க வேண்டும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஏனென்றால் காசிமேட்டில் மீன் வாங்க ஊரே திரண்டு வரும் நேரம் அது. வரும் கூட்டம் புதன்கிழமை மாலை 4 மணிக்கு.