எத்தனால் பெட்ரோல் காற்றிலிருந்து தண்ணீர் இழுக்குதாம்! வள்ளக்காரர்களே, இதைக் கொஞ்சம் கேளுங்கள்

முதுநகர்_பட்டறை:
வாட்ஸப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. 20 சதவீதம் எத்தனால், அதாவது சாராயச் சத்து, கலந்த பெட்ரோலை டேங்கில் ஊற்றி ஒரு வாரம் விட்டால் போதுமாம், கடல் காற்றின் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீர் கட்டிவிடுமாம். பட்டறைக்கு வருகிறவனெல்லாம் இதையே ஒப்பிக்கிறான். வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின் இருக்கிறதே, அவுட்போர்டு, அதில் எத்தனை கார்புரேட்டரைக் கழற்றியிருக்கிறேன், நான் சொல்கிறேன்: தண்ணீர் வருவது டேங்க் மூடியின் வாஷர் வழியாக. வாஷர் வெடித்திருக்கும், இல்லையென்றால் மூடியில் காற்று போக இருக்கும் வென்ட் திருகைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். மழையும் அலையும் உள்ளே இறங்கும். காற்றின் மேல் பழி போடாதீர்கள்.

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
அந்த ஆடியோவைப் போட்டது என் சித்தப்பா மகன்தான். அவன் சொன்னதில் என்ன தப்பு? மீன்பிடித் தடைக்காலம் முடிந்து டேங்கைக் கவிழ்த்தேன், அடியில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் தனியாக வந்தது. கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். மேலே, எஞ்சின் தேயாமல் இருக்கக் கலக்கும் 2டி ஆயிலின் நிறத்தோடு பெட்ரோல், கீழே நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர், நடுவில் கோடு போட்ட மாதிரி. மழையே இல்லாத சித்திரை, வைகாசியில் அது எங்கிருந்து வந்தது அண்ணே?

முதுநகர்_பட்டறை:
தடைக்காலமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடை விசைப்படகுக்கு. உன் பைபர் வள்ளத்தை யார் கட்டிப்போட்டது? வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு நீ கல்யாணம் கல்யாணமாகச் சுற்றினாய், அதைச் சொல். வாஷரைப் பார்த்தாயா, இல்லையா?

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
நான் எங்கே சுற்றினால் உங்களுக்கு என்ன? டம்ளர் தண்ணீருக்குப் பதில் சொல்லுங்கள்.

லேப்_வாத்தியார்:
ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்தப் பாட்டிலில் கீழே நின்றது தண்ணீர் மட்டும் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் தாங்கும் அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அந்த அடுக்கில் பெரும்பங்கு எத்தனால்தான். எஞ்சினுக்கு ஆபத்தும் அங்கேதான். ஓஸ் உறிஞ்சுவது அடியில் இருந்து. 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடுவதால், ஆயிலே இல்லாத சரக்கு சிலிண்டருக்குப் போய் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சுண்ணாம்பாற்று_சுக்கான்:
அடியில் சாராயமா! எங்கள் புதுச்சேரியில் இதெல்லாம் சகஜம் வாத்தியாரே, கடலூர்க்காரர்களுக்குத்தான் புதிது.

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
சாராயமோ தண்ணீரோ, வந்தது காற்றிலிருந்து. அதுதான் பேச்சு.

லேப்_வாத்தியார்:
சரி, கணக்குப் போடுவோம். 30 டிகிரி வெப்பத்தில், ஈரம் முழுக்க நிறைந்த 1000 லிட்டர் காற்றில் இருப்பதே சுமார் 30 கிராம் நீராவி. 25 லிட்டர் டேங்க் பாதி காலி என்றால், உள்ளே இருக்கிற காற்றில் அரை கிராம்கூடத் தேறாது. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது டேங்க் மூச்சு விடும், உண்மைதான். அப்படி உள்ளே வரும் காற்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றே வைத்தாலும் நீர் சொட்டுக் கணக்கில்கூட வராது. 10 சதவீத எத்தனால் பெட்ரோலே அரை சதவீதம் போல நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 25 லிட்டருக்கு 125 மில்லி. 20 சதவீதம் இன்னும் அதிகம் தாங்கும். குளிர்ந்தால் தாங்கும் அளவு கொஞ்சம் குறையும். ஆக, மூடிய டேங்கில் காற்று மட்டும் இதைச் செய்ய ஒரு வாரம் போதாது. மூடியே இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் கதை வேறு.

முதுநகர்_பட்டறை:
கேட்டுக்கொள்ளுங்கள்! வாத்தியாரே சொல்லிவிட்டார். வாஷர். வாஷர். வாஷர்.

லேப்_வாத்தியார்:
நான் வாஷர் என்று சொல்லவில்லை. பங்க்கில் ஊற்றும்போதே ஈரம் இருந்திருக்கலாம், கேனைக் கழுவிக் காயவைக்காமல் பிடித்திருக்கலாம்.

முதுநகர்_பட்டறை:
எல்லாம் ஒன்றுதான். காற்று இல்லை என்றாகிவிட்டதே.

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
புத்தகத்துக் காற்று வேறு, கடலூர்க் காற்று வேறு. மாடியில் காயப்போட்ட உப்புக் கருவாடு ராத்திரியில் எப்படி நசநசக்கிறது என்று வாத்தியார் வந்து பார்க்கட்டும்.

கரும்புத்தோட்டம்:
நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயி எழுதுகிறேன். எத்தனால் என்றாலே ஏன் இத்தனை பேருக்கு வயிற்றெரிச்சல்? கரும்புக்கு நாலு காசு கூடக் கிடைக்க இப்போதுதான் ஒரு வழி வந்திருக்கிறது. 2022-ல் நாடு முழுக்க 10 சதவீதம் வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

முதுநகர்_பட்டறை:
கரும்பை யாரும் குறை சொல்லவில்லை தம்பி. மக்காச்சோளத்திலும் உடைந்த அரிசியிலும்கூடத்தான் எத்தனால் எடுக்கிறார்கள். இங்கே பேச்சு வாஷர்.

சுண்ணாம்பாற்று_சுக்கான்:
எங்கள் சவாரிப் படகுகளில் பிரச்சினையே இல்லை. காலையில் ஊற்றுகிறோம், சாயங்காலம் காலி. கடலூர்க்காரர்கள் விலை குறைவு என்று எங்கள் ஊர் எல்லையில் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் பதுக்கினால் இப்படித்தான் ஆகும்.

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
ஓசியிலா பிடிக்கிறோம்? காசு கொடுத்துத்தானே! உங்கள் சவாரிப் படகு கழிமுகத்தைத் தாண்டியிருக்கிறதா? குளத்தில் ஓடுகிறவன் கடலைப் பற்றிப் பேசக் கூடாது.

சுண்ணாம்பாற்று_சுக்கான்:
குளமா? பாரடைஸ் பீச்சில் ஐப்பசி மாதம் வந்து நின்று பாருங்கள், தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு பெட்ரோலில் எத்தனால் கலந்தபோது, பழைய படகுகளில் கூடவே வார்த்த பைபர் டேங்க்குகள் இளகி, பிசின் கரைந்து எஞ்சின் வால்வு வரை போய் கறுப்பாகப் படிந்தது. இன்றைக்கும் அங்கே 15 சதவீத எத்தனால் பெட்ரோலைப் படகில் ஊற்றத் தடை. நாம் 20 ஊற்றுகிறோம். நம் வள்ளமெல்லாம் என்ன ஆகும்?

முதுநகர்_பட்டறை:
வள்ளம்தானப்பா பைபர். டேங்க் பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக்கை எத்தனால் ஒன்றும் செய்யாது. பழைய ரப்பர் ஓஸ், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் பிரைமர் பல்ப், கார்புரேட்டர் டயாப்ரம், இதெல்லாம் உப்பும், பிசுபிசுக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய இரும்பு டேங்க் வைத்திருந்தால் துருவைக் கழுவிக்கொண்டு வந்து பில்டரை அடைக்கும். இதை நான் மறுத்தேனா? பெரும்பாலான அவுட்போர்டு கையேட்டில் 10 சதவீதம் வரைதான் என்று போட்டிருக்கிறது, அதையும் நான்தான் வருகிறவர்களிடம் சொல்கிறேன். காற்றிலிருந்து தண்ணீர் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

டீசல்_மிஷின்:
நம்ம பக்கம் நிறையப் பேர் ஓட்டுவது டீசல் மிஷின். இந்தச் சண்டையே எதற்கு?

முதுநகர்_பட்டறை:
டீசல்காரர்களுக்கு இங்கே வேலை இல்லை.

லேப்_வாத்தியார்:
ஒரு சோதனை செய்து பாருங்களேன். அளவுக் குடுவையில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். எத்தனால் இருந்தால் கீழ் அடுக்கு 10-ஐத் தாண்டி வளர்ந்திருக்கும். நெருப்பு பக்கத்தில் வேண்டாம்.

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
செய்தேன் சார். கீழே 25-ஐத் தாண்டி நிற்கிறது. பார்த்தீர்களா, தண்ணீர் தானாக வளர்கிறது!

லேப்_வாத்தியார்:
ஐயோ, அது எத்தனால் இறங்கியது. மேலே பெட்ரோல் குறைந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
கீழே கூடியதைத்தான் பார்த்தேன்.

முதுநகர்_பட்டறை:
இவனோடு பேசி என்ன பயன்? போன வருஷம் கார்புரேட்டர் சுத்தம் செய்த கூலி பாக்கியையே இன்னும் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை இவனுக்கு.

தேவனாம்பட்டினம்_வள்ளம்:
பொதுவில் பாக்கி பேசுகிறீர்களா? என் பில்டர் கிண்ணத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு வேறொருத்தன் மிஷினில் மாட்டிவிட்டதை நானும் சொல்லவா?

முதுநகர்_பட்டறை:
அது விரிசல் விட்ட கிண்ணம். தண்ணீர் அதன் வழியாகக்கூட வந்திருக்கும்.

சுண்ணாம்பாற்று_சுக்கான்:
ஆக, இப்போது வாஷர் இல்லை, கிண்ணமா?

முதுநகர்_பட்டறை:
உனக்குக் கிண்ணமும் தெரியாது, வாஷரும் தெரியாது. போய் சவாரி ஏற்று.