புதுப்பிப்பு: டெர்மினல (கமாண்டு அடிக்குற ஜன்னல்) மூடுனா அலியாஸ் (நீள கமாண்டுக்கு நாம வைக்குற சின்னப் பேரு) காணாம போவுதுன்னு கேட்டேன்லா

அது சரியாயிட்டு மக்கா. ஹோம் ஃபோல்டர்ல டெர்மினல் தொறக்கும்போதெல்லாம் தானா ஓடுற பாஷ்ஆர்சி ஃபைலுக்க கடைசில அலியாஸ எழுதி (பேருக்கு முன்னால புள்ளி உண்டு, ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்ட சும்மா அடிச்சா கண்ணுல படாது) சோர்ஸ் கமாண்டு அடிச்சு அந்த ஃபைல அப்பவே ஓட்டுனேன், இப்ப மூடித் தொறந்தாலும் நிக்குது.

ஆனா வேற கூத்து ஆயிட்டு. தக்கலைல மாமாவுக்க கடை பில்லு பேக்கப்புக்கு, அன்னைக்குள்ள தேதி ஃபைல் பேர்ல வரணும்னு ஒரு அலியாஸ டபுள் கோட்ஸ்ல எழுதிட்டேன், டெர்மினல நாலு நாளா மூடவும் இல்ல, பாத்தா நாலு நாளும் திங்கக்கிழமை ஃபைலு மேலயே எழுதி எழுதி ஒண்ணுதான் மிச்சம். டபுள் கோட்ஸ்னா டெர்மினல் தொறக்கும்போதே தேதிய எடுத்து வச்சிரும், சிங்கிள் கோட்ஸ் போட்டாத்தான் ஓட்டும்போதெல்லாம் புதுசா எடுக்கும். மாமாட்ட இன்னும் சொல்லல்ல.

ஃபோல்டர் பேர கமாண்டுக்கு நடுவுல குடுக்கணும்னா அலியாஸ் ஒத்துவராது, ஃபங்ஷன்தான் (குடுக்குற பேர நமக்கு வேண்டிய எடத்துல போடுற குட்டி புரோகிராம்) எழுதணும்.