ஹாங்காங்கில் ஒரு பகல்: கப்பல் துறையிலிருந்து விக்டோரியா சிகரத்துக்கு நாமே போய்வர முடியுமா?

கேள்வி: கடலோடி

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் எழுபத்திரண்டு வயதான என் தாயாரும் ஓர் உல்லாசக் கப்பலில் செல்லவிருக்கிறோம். கப்பல் ஹாங்காங்கில் ஒரே ஒரு பகல் மட்டும் நிற்கிறது. காலை 8 மணிக்குக் கரை சேர்கிறது. மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது. 5 மணிக்குள் பயணிகள் அனைவரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

விக்டோரியா சிகரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் சிகரமும் இருக்கிறது. ஆனால் மூவருக்குமான கட்டணம் மலைப்பைத் தருகிறது. அதில் பாதி நேரம் கடைத்தெருவிலேயே கழியும் போலவும் தெரிகிறது. எனவே நாங்களே போய்வரலாமா என்று யோசிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் கைத்தடியோடு மெல்ல நடப்பார், படிக்கட்டுதான் சிரமம். எந்த வழி எளிது, எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், கப்பலைத் தவறவிடும் ஆபத்து உண்மையிலேயே எவ்வளவு என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நாற்றிசை

நண்பரே, போய்வர முடியும். ஆனால் வழியைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது? பயணத் திட்டத்தில் "ஹாங்காங்" என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அங்கே கப்பல்கள் நிற்கும் முனையங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் கௌலூன் பக்கம்தான்; சிகரமோ துறைமுக நீருக்கு அக்கரையில், ஹாங்காங் தீவில் இருக்கிறது. ஆகவே எந்த முனையமானாலும் நீங்கள் நீரைக் கடந்தே ஆக வேண்டும். அதைக் கடக்கும் விதம்தான் முனையத்துக்கு முனையம் மாறும்.

முதலாவது, சிம் ஷா சுய் பகுதியில் உள்ள ஓஷன் டெர்மினல். 1966 முதல் இருக்கும் பழைய முனையம் இது. நகரின் நட்ட நடுவே இருக்கிறது. கப்பலை விட்டு இறங்கி, அதை ஒட்டிய வணிக வளாகத்தின் வழியாக வெளியே வந்தால் சில நிமிட நடையில் ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறை வந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் படகு அக்கரையில் சென்ட்ரல் பகுதியின் 7ஆம் துறையில் இறக்கிவிடும். கட்டணம் மிகக் குறைவு. (இந்தப் படகுகள் திரும்பாமலேயே இரு திசையிலும் ஓடும், அதனால் இருக்கையின் முதுகுப் பலகையை நாமே முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு, போகும் திசையைப் பார்த்து உட்காரலாம். உங்கள் அம்மா நிச்சயம் ரசிப்பார்.) உங்களுக்கு இந்த முனையம் அமைந்தால் கவலையே இல்லை.

இரண்டாவது, கை டாக். 1998 வரை விமான நிலையமாக இருந்த இடம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்தப் பழைய ஓடுபாதையின் நுனியில் 2013இல் கப்பல் முனையம் திறந்தார்கள். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்குதான் வருகின்றன. கட்டடம் பிரமாதமானது, ஆனால் வெளியே வந்ததும் நகரம் இருக்காது, நீண்ட சாலைதான் இருக்கும். கை டாக் என்ற பெயரிலேயே மெட்ரோ நிலையம் ஒன்று இருப்பதைப் பார்த்து, பக்கத்தில்தானே, நடந்துவிடலாம் என்று பலர் ஏமாறுகிறார்கள். அது நடக்கக்கூடிய தூரமன்று. அம்மாவோடு நினைத்தும் பார்க்க வேண்டாம். பேருந்தோ டாக்சியோ பிடித்து நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து டூன் மா தடத்தில் ஹங் ஹோம் வரை சென்று, ஈஸ்ட் ரெயில் தடத்துக்கு மாறினால் அடுத்தடுத்த நிறுத்தங்களில் நீரைக் கடந்து அட்மிரால்டி வந்துவிடலாம். இந்த இணைப்பு 2022 மே மாதம் திறக்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய பயணக் குறிப்புகளில் இது இருக்காது; அவை உங்களைச் சுற்றி வளைத்து அழைத்துச் செல்லும்.

அட்மிரால்டி மிக ஆழமான நிலையம். மின்படிகள் வரிசையாக வரும். மின்தூக்கிகளும் உண்டு, தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து ஹாங்காங் பூங்கா வழியாக, சிகரத்துக்கு ஏறும் மலை ரயிலான பீக் டிராமின் கீழ் நிலையத்துக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம் என்றாலும் வழியில் ஏற்றமும் படிகளும் இருக்கின்றன. அம்மாவுக்காக அந்தச் சிறு தூரத்துக்கு டாக்சி எடுப்பதுதான் உசிதம். கப்பலிலிருந்தே டாக்சியில் மலையுச்சி வரை போவதும் நடக்கக்கூடியதே. மூவர் சேர்ந்து போகும்போது அது கரைச் சுற்றுலாக் கட்டணத்தைவிடக் குறைவாகவே வரும். ஆனால் கப்பலின் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும் காலை வேளையில் டாக்சி வரிசை நீளமாக இருக்கும். கையில் ரொக்கமும் இருப்பது நல்லது. சேருமிடத்தின் பெயரைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்திருந்து ஓட்டுநரிடம் காட்டுங்கள்.

மறுமொழி: முத்திரை

மற்றவர்கள் வழி சொல்லட்டும். நான் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். உங்களிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு என்றால், 14 நாள் வரை விசா இல்லாமல் ஹாங்காங்கில் தங்கலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் 2017 ஜனவரி முதல், வருகைக்கு முன்பே இணையத்தில் முன்பதிவு செய்து, அதற்கான அறிவிப்புத் தாளை அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, ஒருமுறை பெற்றால் ஆறு மாதம் செல்லும். ஒரு பகல்தானே, கப்பலில்தானே வருகிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள். மூவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பெயரும் எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் முறையாக விசா கேட்க வேண்டிவரும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே செய்துவிடுவது நல்லது.

மறுமொழி: முகில்

நாற்றிசை அவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மலையேற டிராம்தான் வழி என்ற தொனி அதில் இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

பீக் டிராம் என்பது 1888இல் தொடங்கிய கம்பிவட ரயில். முதலில் நீராவியால் இழுத்தார்கள், 1926இல் மின்சாரத்துக்கு மாறினார்கள். பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே தத்துவம்தான்: ஒரே கம்பியின் இரு முனைகளில் இரு பெட்டித்தொடர்கள்; ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். 2022 ஆகஸ்டில் புதுப்பித்துத் திறந்த பிறகு ஒரு நடைக்கு 210 பேர் வரை ஏற்றுகிறார்கள். அப்படியும் நடுப்பகலை நெருங்க நெருங்கக் கீழ் நிலையத்தில் வரிசை வளர்ந்துகொண்டே போகும். கப்பலில் வந்த சுற்றுலாக் குழுக்களும் அதே நேரத்தில்தான் அங்கு வந்து சேர்கின்றன.

என் யோசனை, பேருந்தில் ஏறி டிராமில் இறங்குவது. சென்ட்ரல் படகுத்துறைகளின் அருகிலிருந்து 15ஆம் எண் பேருந்து புறப்பட்டு, அட்மிரால்டி, வான் சாய் வழியாக ஸ்டப்ஸ் சாலையில் வளைந்து வளைந்து உச்சிக்குச் செல்கிறது. நெரிசலைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். மாடிப்பேருந்து அது, மேல்தளத்தின் முன்வரிசையில் மரக்கிளைகள் கண்ணாடியை உரசிக்கொண்டு வரும். ஆனால் உங்கள் தாயார் கீழ்தளத்தில் அமர்வதே நல்லது; ஓடும் வண்டியில் மாடிப்படி இறங்குவது நம் முழங்காலுக்கே ஆபத்து. முற்பகலில் பெருங்கூட்டம் மேலே ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், இறங்குவதற்கான டிராம் வரிசை அப்போது சிறியதாகவே இருக்கும். சூரியன் மறையும் வேளையில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். நீங்கள் 5 மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டியவர் என்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

இதைவிட முக்கியமானது பனிமூட்டம். மார்ச்சும் ஏப்ரலும் ஹாங்காங்கில் ஈரப்பதம் மிகுந்த மாதங்கள். கடற்கரை தெளிவாக இருக்கும்; உச்சி மட்டும் மேகத்துக்குள் புதைந்திருக்கும். நான் ஒருமுறை அப்படியொரு நாளில் ஏறி, காட்சிமேடைக்கும் தனியாகச் சீட்டு வாங்கி, ஒரு மணி நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்கினேன். பக்கத்தில் நின்றவரின் குடை மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஆகவே கப்பலை விட்டு இறங்குவதற்கு முன் ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். சிகரத்தில் பொருத்தியுள்ள கேமராவின் படங்களை அதில் காட்டுகிறார்கள். படம் வெள்ளையாக இருந்தால் மலையைப் பிற்பகலுக்குத் தள்ளிப்போடவோ கைவிடவோ தயங்காதீர்கள். ஸ்டார் ஃபெர்ரியும் சிம் ஷா சுய் கடலோர நடைபாதையும் அந்த நாளை வீணாக்காது. முன்கூட்டியே சீட்டு வாங்காமல் இருப்பதன் பலன் இதுதான்.

மறுமொழி: கடலோடி

மூவருக்கும் என் நன்றி. முன்பதிவு விதி எனக்குச் சற்றும் தெரியாது; நேற்றிரவே மூவருக்கும் விண்ணப்பித்துவிட்டேன், ஏற்கப்பட்டதாக உடனே அறிவிப்பும் வந்தது. கப்பல் நிறுவனத்திடம் கேட்டதில் கை டாக் முனையம்தான் என்று உறுதிசெய்தார்கள்.

இன்னும் இரண்டு ஐயங்கள். காட்சிமேடைக்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வேண்டுமா? திரும்பும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

மறுமொழி: நாற்றிசை

காட்சிமேடையை விட்டுவிடுங்கள் என்பேன். டிராமின் மேல் நிலையம் இருக்கும் பீக் டவர் என்ற கட்டடத்தின் கூரையில் இருக்கும் அது கடல் மட்டத்திலிருந்து 428 மீட்டர் உயரம். பெயரிலேயே அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். டிராமுக்கு மட்டுமான சீட்டும் உண்டு, மேடையையும் சேர்த்த சீட்டும் உண்டு. ஆனால் மேல் நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் ஒரு காட்சி மண்டபம் இருக்கிறது. அதற்குக் கட்டணமில்லை, துறைமுகம் அங்கிருந்தே விரிந்து தெரியும். அதைவிடச் சிறந்தது லுகார்ட் சாலை. சிகரத்தைச் சுற்றிவரும் மூன்றரை கிலோமீட்டர் பாதையின் ஒரு பகுதி அது. வாகன நடமாட்டம் ஏறக்குறைய இல்லை, பாதை பெரும்பாலும் சமதளம், படிகள் இல்லை. இருபது நிமிடம் மெல்ல நடந்தால் மரங்கள் விலகி, கீழே வானளாவிய கட்டடங்களும் நடுவில் நீரும் அதற்கப்பால் கௌலூனும், மூட்டமில்லாத நாளில் உங்கள் கப்பலும்கூடக் கண்ணுக்குக் கிடைக்கும். அம்மாவால் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு நடந்துவிட்டுத் திரும்பலாம். முழுச் சுற்றும் போக வேண்டியதில்லை. மலையின் உண்மையான முகடு 552 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே தொலைத்தொடர்பு நிலையம் இருப்பதால் பொதுமக்களை விடுவதில்லை. அதைத் தேடி மேலும் ஏறாதீர்கள்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 5 மணி என்பது கடைசி எல்லை. கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியே போனவர்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வாங்கும் கட்டணத்துக்குப் பொருள் இருக்கிறது. எனவே மூன்றரை மணிக்கு முனைய வாசலில் நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து முனையம் வரை ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். எதிர்பாராத நெரிசலுக்கு மேலும் அரை மணி. ஆக ஒன்றரை மணிக்கு உச்சியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். காலையில் குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர ஒன்பதரை ஆகிவிட்டாலும், பதினொன்றே காலுக்குள் மேலே இருப்பீர்கள். கையில் இரண்டு மணி நேரம் நிற்கும், அது போதும். கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்தோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். சில கப்பல்கள் கரையின் நேரத்துக்கு மாறாமல் தம் நேரத்தையே வைத்துக்கொள்கின்றன. ஒரு மணி நேர வேறுபாட்டில் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேருந்தா டிராமா என்பதில் முகில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கை டாக்கிலிருந்து வருபவருக்குப் படகுத்துறை வழியில் இல்லை. அட்மிரால்டியிலேயே 15ஆம் பேருந்தில் ஏறிவிடலாம். டாக்சியில் டிராம் நிலைய வாசலைக் கடந்து போகும்போதே வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு, நீளமாக இருந்தால் இறங்காமல் அதே வண்டியில் மேலே போய்விடுவது இன்னும் எளிது.

மறுமொழி: முகில்

அந்தக் கடைசி யோசனை என்னுடையதைவிட நல்லது, ஏற்கிறேன்.

கட்டணம் செலுத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. பேருந்தில் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள். முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஆக்டோபஸ் அட்டை ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டால் மெட்ரோ, பேருந்து, படகு, டிராம் எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும். ஒரே பகலுக்கு அட்டை எதற்கு என்று தோன்றினால், தொடாமல் செலுத்தும் வங்கி அட்டையை இப்போது மெட்ரோவின் வாயில்களிலும் ஏற்கிறார்கள்.

டிராமில் ஏறும்போது வலப்பக்கம் இடம் பிடியுங்கள், துறைமுகம் அந்தப் பக்கம்தான் தெரியும். இருக்கைகள் எப்போதும் மலையைப் பார்த்தே இருப்பதால், இறங்கும்போது வண்டி பின்னோக்கிச் சரிவதுபோல் இருக்கும். உங்கள் தாயாரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு கணம் திடுக்கிடுவார்.