ஜெய்சல்மேரில் மூன்று நாள், அப்பச்சியோடு

காரைக்குடிக்காரன்: டிசம்பரில் அப்பச்சியை (அப்பாவை) ராஜஸ்தானில் உள்ள ஜெய்சல்மேருக்கு அழைத்துப் போகிறேன். வயது 72, முழங்கால் வலி. பழைய வீடு என்றால் அவருக்கு உயிர். ஒட்டகத்தில் ஏற்றலாமா?

தேவகோட்டை ஆச்சி: வேண்டாம் தம்பி. ஒட்டகம் எழும்போது உடம்பை முன்னும் பின்னும் தூக்கிப்போடும். எனக்கு இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாலைவனத்துச் சாம் மணல்மேடு ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஜீப்பில் போய், சூரியன் மறைவதை உட்கார்ந்து பார்க்கட்டும். பட்வோன் கி ஹவேலி என்ற பழைய மாளிகையைக் கட்டாயம் காட்டுங்கள். ஒரு வணிகர் குடும்பம் கட்டிய ஐந்து வீடுகள். நம் செட்டிநாட்டு வீடுகளில் தேக்கில் செதுக்கியதை அங்கே மஞ்சள் மணற்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நிலைப்படியில் நின்றதும் எனக்கு எங்கள் வீட்டு வளவு (முற்றம் சூழ்ந்த உள்கட்டு) ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

கானாடுகாத்தான்: ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பாதை ஏற்றம், மெதுவாகப் போங்கள். இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி அவசியம்.

காரைக்குடிக்காரன்: சரி ஆச்சி, ஜீப்தான். ஹவேலிக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குகிறேன்.