221 பகா எண்ணா? எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

பொங்கோல் அம்மா
வணக்கம். மகன் உயர்நிலை 1. பகா எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்), எச்.சி.எஃப். (மீப்பெரு பொதுக் காரணி), எல்.சி.எம். (மீச்சிறு பொது மடங்கு) பாடம் நடக்கிறது. 221 பகா எண் என்று எழுதியிருக்கிறான். கேட்டால், "2, 3, 5, 7 நாலாலும் போகலையே" என்கிறான். எதுவரைதான் வகுத்துப் பார்ப்பது? 360இன் காரணிகளை எழுதச் சொன்னாலும் இரண்டு மூன்று விட்டுப்போகிறது. பள்ளியில் எல்லாம் ஆங்கிலம். வீட்டில் தமிழில் எப்படிப் புரியவைக்கலாம்?

எண்கோலம்
7உடன் நிறுத்தியதுதான் தவறு. அது 121க்குக் (11 × 11) கீழே உள்ள எண்களுக்குத்தான் போதும்.

காரணிகள் சோடியாகத்தான் வரும். 221ஐ இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரித்தால், இரண்டுமே 15 அல்லது அதற்கு மேல் இருக்க முடியாது; 15 × 15 = 225, அப்போதே 221ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே சின்னக் காரணி 14க்குள் இருந்தே தீரும். 14க்குள் உள்ள பகா எண்கள் 2, 3, 5, 7, 11, 13. மீதமிருப்பவை இரண்டுதான். 11க்கு இலக்கங்களை மாறி மாறிக் கழித்துக் கூட்டிப் பாருங்கள்: 2 − 2 + 1 = 1. விடை 0 அல்லது 11இன் மடங்காக இல்லை, அதனால் போகாது. 13 × 17 = 221, கிடைத்துவிட்டது. 4, 6, 9 என்று வகுப்பது வீண்வேலை; 2ஆல் போகாத எண் 4ஆல் எப்படிப் போகும்?

ஏமாற்றும் எண்கள் சில உண்டு: 91 (7 × 13), 119 (7 × 17), 133 (7 × 19). பேருந்து எண்களைக் கொண்டே பழக்குங்கள். 143 = 11 × 13, 147 = 3 × 7 × 7, 139 பகா எண். தேறியதும் 1819ஐக் கொடுங்கள், ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆண்டு. 43 × 43 = 1849 என்பதால் 41 வரை பார்த்தால் போதும். 17இலேயே உடைந்துவிடும்: 17 × 107.

பொங்கோல் அம்மா
இது தெளிவாகிவிட்டது, நன்றி. 360க்கு?

சதுரக்கட்டம்
அதே எல்லைதான். காரணிகளை ஒரே வரிசையில் எழுதாமல் சோடி சோடியாக எழுதச் சொல்லுங்கள்: 1–360, 2–180, 3–120, 4–90, 5–72, 6–60, 8–45, 9–40, 10–36, 12–30, 15–24, 18–20. 19 × 19 = 361, அதனால் 18ஓடு முடிந்தது. பெரும்பாலும் விட்டுப்போவது 8–45உம் 15–24உம்தான்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க வழி இருக்கிறது. 360 = 2³ × 3² × 5. அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 = 24. பட்டியலில் 24 இல்லையென்றால் எதையோ விட்டிருக்கிறான். வர்க்க எண்ணில் மட்டும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும். 36க்கு 9 காரணிகள், 6 தனக்குத் தானே சோடி.

தேர்வில் அடிக்கடி கேட்பது: 360ஐ எந்த மிகச் சிறிய எண்ணால் பெருக்கினால் வர்க்க எண் ஆகும்? அடுக்கெல்லாம் இரட்டைப்படை ஆக வேண்டும். ஒரு 2, ஒரு 5 குறைகிறது, விடை 10. கன எண் என்றால் அடுக்கெல்லாம் 3இன் மடங்கு; 3 × 5 × 5 = 75. காரணி மரம் மட்டும் வரைந்து அடுக்காக எழுதாத பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

எண்கோலம்
இன்னும் இரண்டு. 4, 6 இரண்டாலும் போனால் 24ஆல் போகும் என்று நினைப்பார்கள், 36ஐக் காட்டுங்கள்; அது 4, 6 இரண்டாலும் போகும், 24ஆல் போகாது. 24க்கு 3, 8 என்று 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத சோடிதான் சோதனை. அடுத்து, காரணி மரத்தில் 1ஐ எழுத வேண்டாம். 1 பகா எண் அல்ல. அதைச் சேர்த்தால் 12ஐ 2² × 3 என்றும் 1 × 2² × 3 என்றும் 1 × 1 × 2² × 3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம், ஒரே விடை என்பது இருக்காது.