சுடாமல் விளையாடுகிறவனின் பெயின்ட்பால் அனுபவம்

நாங்கள் ஆடும் பெயின்ட்பால், சாயக் குண்டுகளால் சுட்டுக்கொண்டே எதிரணியின் கொடியைக் கைப்பற்றும் ஆட்டம்; குண்டு பட்டவர் அவுட். எங்கள் அணியில் வேவு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், எனக்கு வேகமாக ஓட வராது என்பதுதான். பென்சில்வேனியாவின் போகோனோ மலைக்காட்டில் அது ஒரு குறையே இல்லை. அக்டோபரில் ஓக் மரச் சருகு கணுக்கால் வரை கிடக்கும். அதில் ஓடுகிறவன் தன் வரவைத் தானே பறைசாற்றிக்கொள்கிறான். எங்காவது சுடும் சத்தம் கேட்டால் நகர்வேன், ஓய்ந்தால் நின்றுவிடுவேன்.

முகக்கவசம் பக்கவாட்டுப் பார்வையைக் குறைத்துவிடும். மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கினாலும் களத்தில் அதைக் கழற்றக் கூடாது. ஆகவே காதைத்தான் நம்ப வேண்டும். துப்பாக்கியின் மேலிருக்கும் குண்டுக் கூடான ஹாப்பரில் குண்டுகள் பாதி தீர்ந்துவிட்டால் நடக்கும்போது கலகலக்கும். (நான் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவேன்.)

போன இலையுதிர் காலத்தில் லாரல் புதருக்குள் படுத்திருந்தபோது முதலில் கேட்டது அந்தக் கலகலப்புதான். மூன்று பேர் ஓடையோரமாக இறங்கினார்கள். கடைசி ஆளின் காலணிக் கயிறு அவிழ்ந்து இழுபடுவதுகூடத் தெரிந்தது. விரல் துறுதுறுத்தது. ஆனால் குண்டின் ஜெலட்டின் ஓடு மெல்லியது. புதருக்குள்ளிருந்து சுட்டால் சுள்ளியில் பட்டே உடைந்துவிடும். ஒருவரை வீழ்த்தினாலும் மற்ற இருவர் என்னை விட்டுவைக்க மாட்டார்கள், சேதியும் என்னோடு போய்விடும். அவர்கள் வளைவைக் கடந்ததும் வாக்கிடாக்கியை எடுத்தேன்.

"அண்ணா, மூன்று பேர். ஓடையின் இடக்கரை. உங்கள் பக்கம்தான் வருகிறார்கள்."

"கொடி அருகே?"

"பாறைக்குப் பின்னால் ஒருவர் மட்டும்."

தலைவர் ஓடை முகப்பில் இருவரை நிறுத்திவிட்டு மற்றவர்களை மேட்டு வழியாக அனுப்பினார். கொடி எங்கள் கைக்கு வந்தபோது நான் ஒரு குண்டுகூடச் செலவழித்திருக்கவில்லை.

சுடாமல் என்ன விளையாட்டு என்று கேலி செய்கிறவர்களுக்கு ரிட்சி வைட்டின் கதையைச் சொல்வேன். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கரில் 12 பேர், மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளமிடும் துப்பாக்கிகளோடு முதல் ஆட்டத்தை ஆடினார்கள். வென்றவர் வனத்தொழில் அறிந்த வைட். அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை.

எங்கள் புதியவர்களிடம் எனக்கு இருக்கும் குறை வேறு. "இங்கே நிறைய பேர், சீக்கிரம் வாருங்கள்!" என்று கத்துவார்கள். எங்கே, எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைக் கேட்டு வாங்குவதற்குள் ஆள் அவுட்டாகி, கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்.